சாம்பல் நிறமான தெரு

மதியச் சாப்பாடு முடிந்து, ஏசியின் முனகலும் பக்கத்து மேசைப் பெண்ணின் விசைப்பலகைச் சத்தமும் கலந்து கண்ணைச் சொக்கவைக்கிற நேரத்தில், பெரிய திரையின் அடியில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. ஏதோ ஒரு வீட்டு மீட்டர் கேள்வி கேட்டிருந்தது.

மின்சாரம் இல்லைதானே? உறுதி செய்யவும்.

கண்ட்ரோல் அதை இரண்டு முறை படித்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கம்பம் ஏறுகிறவர்கள் இருபது வருடமாகப் போனில் ‘கண்ட்ரோல்ண்ணே’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே ஒட்டிக்கொண்டது. எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று சொல்வது அவர் வேலை. முன்பெல்லாம் துணைமின்நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் சொல்வார். இப்போது திரையே சொல்லிவிடுகிறது. வீட்டுக்கு வீடு புது மீட்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டைவிரல் அளவில் ஒரு ரேடியோ. அதன் பேச்சு ரொம்ப தூரம் எட்டாது. அதனால் ஒரு மீட்டர் பக்கத்து வீட்டு மீட்டரிடம் சொல்லும், அது அடுத்த வீட்டிடம் சொல்லும், இப்படி ஊர்வம்பு பரவுகிற மாதிரி தாவித் தாவி அலுவலக மாடியிலிருக்கும் டவருக்குச் செய்தி வந்து சேரும். மீட்டர்கள் பேசினால் தெரு பச்சை. பேசாவிட்டால் சாம்பல்.

ஆனால் இந்தக் கேள்வி கட்டுப்பாட்டு அறையிலிருந்து மீட்டருக்குத்தான் போகும். மீட்டரிலிருந்து அறைக்கு வந்ததே இல்லை.

“எந்த வீட்டு மீட்டர்மா அது?”

அந்தப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். “கோடிக் கம்பத்து வீடு சார். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆக்சிடெண்ட் ஆச்சே, அங்க.” எண்ணை மறுபடி பார்த்தாள். “ஆனா அந்த மீட்டரத்தான் கழட்டிட்டாங்களே. ஸ்டோர்ல இருக்கணும்.”

“பழைய பதிவு ஏதாவது மேல வந்திருக்கும். அழிச்சிடு.”

அவள் அழித்தாள். கண்ட்ரோல் தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல எழுந்து, படியிறங்கி, கிடங்குக்குப் போனார்.

கிடங்கில் பழைய மீட்டர்கள் அலமாரி அலமாரியாக அடுக்கிக் கிடந்தன. தூசி, எண்ணெய், எலிப்புழுக்கை எல்லாம் சேர்ந்த வாசனை. கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில், விசாரணைச் சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் அந்த மீட்டர் இருந்தது. ஒரு பக்கம் கரிந்திருந்தது. வயர்கள் வெட்டப்பட்டுக் குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. முகப்பில் எழுத்து எதுவும் இல்லை. ஒன்றுமில்லை, செத்த பொருள்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையில் எடுத்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் முன்புவரை யாரோ கைக்குள் வைத்திருந்த மாதிரி.

அந்தக் கோடிக் கம்பத்தில் ஏறியவனைக் கொக்கு என்பார்கள். நீளக்கால், நாலு எட்டில் கம்பத்தின் உச்சிக்குப் போய்விடுவான். அன்றும் இதே மதிய நேரம். அந்தத் தெருவில் கம்பி அறுந்துவிட்டது என்று போனவன், கம்பத்தடியில் நின்றுகொண்டு கண்ட்ரோலின் சொந்த போனுக்குக் கூப்பிட்டான். “லைன் ஆஃப்தானேண்ணே? ஏறட்டுமா?” கண்ட்ரோல் வாயில் சோற்றை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். திரையில் தெரு சாம்பல் நிறத்தில் இருந்தது. துணைமின்நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. போடவில்லை. “ஆஃப்தான், ஏறு” என்று சொல்லிவிட்டு, அவன் ‘சரிண்…’ என்று வாயெடுக்கும்போதே அழைப்பைத் துண்டித்தார்.

தெருமுனையில், மீட்டர்களின் செய்தியை டவருக்குக் கடத்தும் ரேடியோ பழுதாகியிருந்தது. மீட்டர்கள் ஊமையானதற்கு அதுதான் காரணம். கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

விசாரணையில் கேட்டார்கள். “எங்கிட்ட அவன் கேக்கவே இல்ல” என்றார். சொந்த போன் என்பதால் எங்கும் பதிவு இல்லை. ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடினார்கள். அதையும்கூட எப்படியோ விழுங்கியிருப்பார். ஆனால் ஒருநாள் அலுவலகப் படிக்கட்டில் கொக்கின் மனைவி வந்து நின்றாள்.

“அவரு கேக்காம ஏறமாட்டாரு சார். அன்னிக்குக் கேட்டாரா, இல்லையா?”

“கேக்கலம்மா.”

அவள் தரையைப் பார்த்தாள். “அப்ப அவரு தப்புதான். உங்களுக்கும் வீணா கஷ்டம் குடுத்துட்டாரு. மனசுல வச்சுக்காதீங்க” என்று கைகூப்பினாள். அந்தக் கூப்பிய கைகளை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொள்ள முடியவில்லை. தலைகுனிந்து, தடவித் தடவிச் சிரைத்துக்கொள்கிறார்.

புதன்கிழமை அதே நேரத்துக்கு அந்த வரி மறுபடி வந்தது. இந்தமுறை வேறு வீட்டிலிருந்து. வியாழனன்று இன்னொரு வீடு. அந்தப் பெண் அழிப்பதை விட்டுவிட்டு, திரையிலிருந்த வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி வைத்தாள்.

“இது நகருது சார்.”

“டவரத் தேடிப் போகும். செய்தின்னா டவருக்குத்தானே வரணும்.”

“டவர் இந்தப் பக்கம். இது அந்தப் பக்கமாப் போகுது.” அவள் விரலால் கோடிழுத்துக் காட்டினாள். “உங்க வீடு அங்கதான சார்?”

“ஆமா” என்றார். சாதாரணமாகச் சொல்வதாகத்தான் நினைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்ற நினைப்பில் காது மடல் சுட்டது. கேள்வி தன் வீட்டை நோக்கி வருகிறது என்பதைவிட, ஒரு சின்னப்பெண் தன்னைப் படித்துவிட்டாள் என்பதுதான் அந்த நிமிடம் பெரிதாக இருந்தது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தார். உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொன்னார். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் இல்லையே. என்னவோ முழுங்கின மாதிரி இருக்கீங்க” என்றாள். மதியம், மனைவியும் மகளும் அவரவர் வேலையில் இருக்கும்போது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொக்கின் மனைவிக்குப் போன் செய்தார். அவள் உடனே எடுத்தாள்.

“சொல்லுங்க சார்.”

சொல்வதற்கென்று ராத்திரியெல்லாம் படுக்கையில் தயார் செய்து வைத்திருந்தது ஒரே ஒரு சொல். கேட்டான். அவன் கேட்டான். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“சார்? இருக்கீங்களா?”

“ஒண்ணுமில்லம்மா. எப்படி இருக்கீங்கன்னு சும்மாதான்…”

“இருக்கோம் சார். நீங்க ஒருத்தர்தான் விசாரிக்கிறீங்க” என்றாள். அவர் போனை வைத்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போயிற்று.

மின்விசிறி வேகம் குறைந்து குறைந்து நின்றது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு அடங்கியது. வழக்கமாக இந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் யாராவது, ‘உங்க வீட்லயும் இல்லையா?’ என்று மதில்மேல் தலையை நீட்டுவார்கள். யாரும் கேட்கவில்லை. குழந்தை அழவில்லை, நாய் குரைக்கவில்லை. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் பழைய துணியின் நிறத்தில் இருந்தது. எங்கிருந்தோ, மிக மெல்லியதாக, முடி கருகுகிற வாசனை.

வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்தார். முகப்பு இருண்டிருந்தது. மெயின் சுவிட்சைத் தொட்டார். கீழே இறக்கித்தான் இருந்தது. யார் இறக்கியது? அப்படியென்றால் வீட்டுக்குள் மின்சாரம் வர வழியே இல்லை. காதை மீட்டரோடு வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு ரீங்காரம். புறங்கை முடி மெல்ல எழுந்து நின்றது.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம்.

“யாரு? என்ன பண்றீங்க அங்க?”

கூடத்துக்குள் வந்தார். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு அதன்மேல் மனைவி நின்றுகொண்டிருந்தாள். உத்தரத்தில் பல்பு கழற்றப்பட்டிருந்தது. தொங்கிக்கொண்டிருந்த இரண்டு வயர்களின் முனையிலும் உறை உரித்திருந்தது. வலது கையை அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் தூக்கிப் பிடித்திருந்தாள். முகம் மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

“லைன் ஆஃப்தானேண்ணே?” என்றாள்.

அவளுடைய குரல்தான். ஆனால் பதினெட்டு வருடக் குடித்தனத்தில் கட்டிய புருஷனை அவள் அண்ணே என்று அழைத்ததில்லை. எந்த மனைவியும் அழைக்கமாட்டாள்.

“எறங்கு. மொதல்ல கீழ எறங்கு.”

“ஆஃப்தானேண்ணே?” இது பின்னாலிருந்து. சாப்பாட்டு மேசைமேல் மகள். கை தூக்கியபடி. மரியாதையாக, வேலைக்காரன் மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருப்பது போல.

அவர் மனைவியின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். நாற்காலியும் அவளும் தரையோடு வார்த்த மாதிரி அசையவில்லை. சேலை வழியே வெதுவெதுப்பு. அவளைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்ததும் கையை எடுத்துவிட்டார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிறகு இன்னும் இரண்டடி.

தெருவுக்கு ஓடினார்.

விளக்கில்லாத தெரு முழுக்க ஒரே சாம்பல் நிறம். எதிர்வீட்டு ஜன்னலில் அந்த வீட்டுக்காரர். ஸ்டூலின்மேல். கை மேலே. அடுத்த வீட்டில் தையல்காரம்மா, மெஷின்மேல் ஏறி நிற்கிறாள். அதற்கடுத்த மாடியில் நாலு பேர், உயர வரிசையில். வீட்டுக்கு வீடு. ஜன்னலுக்கு ஜன்னல். தெருக்கோடிவரை. எல்லா முகங்களும் அவர் பக்கம். கேள்வி ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குத் தாவி வந்தது, தணிந்த குரலில், அவசரமே இல்லாமல்.

ஆஃப்தானேண்ணே.

ஆஃப்தானேண்ணே.

மேலே கம்பிகளைப் பார்த்தார். கம்பி எப்போதும் போலத்தான் இருந்தது. ஓடுகிறதா, இல்லையா? பார்த்துச் சொல்ல முடியாது. எவராலும் முடியாது.

“தெரியாது” என்றார். “எனக்குத் தெரியாது. அன்னிக்கும் தெரியாது. அவன் கேட்டான். கேட்டுட்டுத்தான் ஏறினான். நான்தான் பாக்காம சொன்னேன்.”

தெரு கேட்டுக்கொண்டது. யார் முகத்திலும் கோபமில்லை. கேட்டதற்கு ஒரு பதில் வந்துவிட்டது, அது போதும் என்பது போல.

“சரிண்ணே” என்றார்கள், ஒரே குரலாக.

முகங்கள் எல்லாம் ஒன்றாக மேலே திரும்பின. கைகள் உயர்ந்தன. திறந்து கிடந்த அவர் வீட்டுக் கதவு வழியே மனைவியின் கை தெரிந்தது. ஐந்து விரலையும் விரித்து, உரித்த முனைகளை மெதுவாக, பத்திரமாகப் பற்றிக்கொண்டிருந்தது.