மூன்றாவது கேன்

கோட்டுக்கு மேலே தண்ணீர் நின்றது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மார்கரெட் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். மீன்தொட்டிக் கண்ணாடியின் இடது மூலையில், கணவன் கிருபாகரன் கறுப்பு மார்க்கரால் போட்ட சிறு கோடு. நாளுக்கு ஒரு நெல்மணி உயரம் தண்ணீர் ஆவியாகிப் போகும். அவள் குடிக்கிற கேன் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து மெதுவாக ஊற்றி மறுபடி கோட்டுக்குக் கொண்டுவருவாள். ஐந்து மாதமாக இதுதான் வழக்கம். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போகும். மேலே வந்ததில்லை.

இன்று ஒரு விரற்கடை மேலே நின்றது.

"ஜெனி, தொட்டில தண்ணி ஊத்துனியா?"

"எப்டிம்மா ஊத்துவேன்? உன்கூடதானே சர்ச்சுல இருந்தேன். நீதான் தூங்கி விழுந்துகினு இருந்த, பாத்தேனே!"

ஏழு வயது ஜெனிஃபர் சொல்லிவிட்டு, சட்டையை மாற்ற உள்ளே ஓடினாள். மார்கரெட் சிரித்தாள். சிரித்தபடியே தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்து சொட்டுக்குழலை எடுத்தாள்.

அந்தப் பெயர் ஜெனி வைத்தது. விரல் நீளக் குழல். ஒரு முனையில் சாய்வான கண்ணாடி. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்தால், உள்ளே மேலே நீலமும் கீழே வெள்ளையும் தெரியும். இரண்டும் பிரியும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் தண்ணீரின் உப்பு. கடலுக்கு முப்பத்தைந்து. ஒருமுறை ஜெனி அடம்பிடித்து அழுதபோது கிருபாகரன் அவள் கன்னத்திலிருந்து ஒரு சொட்டை எடுத்து இந்தக் கண்ணாடியில் விட்டுப் பார்த்தான். "ஒம்போது! பாத்தியா மார்கி, உன் பொண்ணு கண்ணுல கால்வாசி கடல் கீது" என்றான். அழுகையை மறந்து, "எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு" என்று ஜெனி அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

மார்கரெட் கண்ணை வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்து.

யாராவது நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால் முப்பத்து மூன்றுக்காவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அப்படியானால் மேலே ஏறியிருப்பது கடல் தண்ணீர்.

மாலை ஆறரைக்கு விளக்கேற்ற வந்தபோது தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது. ஈரம் கசிந்திருக்கிறதா என்று மண்டியிட்டுத் தரையைத் தடவினாள். டைல்ஸ் காய்ந்து, வெயிலின் சூடு இன்னும் போகாமல் இருந்தது. குழலை எடுத்தாள். முப்பத்தைந்து. 'ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் மார்கி, உப்பு எங்கயும் போவாது' என்று கிருபாகரன் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். இவ்வளவு ஆவியாகியிருந்தால் உப்பு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. போன தண்ணீர் உப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தது.

கிருபாகரன் சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ஏசி மெக்கானிக். செங்கல்பட்டிலிருந்து தினமும் போய்வந்த களைப்போடு, இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இந்தத் தொட்டியைக் கட்டினான். பழைய வாட்டர் கூலரைப் பிரித்துத் தண்ணீரைக் குளிரவைக்கும் பெட்டி செய்தான். கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் இரண்டு கோமாளி மீன்களும், காற்றில் ஆடும் விரல்கள் போன்ற மென்பவளங்களும் வாங்கி, அவற்றைக் குழந்தையைப் போல மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தான். தண்ணீரில் கரைத்துக் கடல்நீராக்கும் உப்புத்தூளை மட்டும் அவன் வாங்கவில்லை. கடலே பக்கத்தில் இருக்கும்போது எதற்கு என்பான். மாதம் இரண்டு சனிக்கிழமை தம்பி பூபாலனின் வேனில் திருவிடந்தைக் கடற்கரைக்குப் போய் மூன்று கேன் பிடித்து வருவான். கரையோரத் தண்ணீர் மண்ணும் கலங்கலுமாக இருக்கும் என்று நெஞ்சளவு ஆழத்துக்கு இறங்கித்தான் பிடிப்பான்.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரண்டு கேன்களைக் கரையில் வைத்துவிட்டு மூன்றாவதோடு இறங்கினான். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள், அங்கே மீன் பிடிக்கும் தனகோடி அந்தக் கேனைத் தோளில் சுமந்து வந்தார். வலையில் சிக்கியதாம். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர். அவர் படியேறி வரும்போது அது 'களக், களக்' என்று ஆடியது. மூடி இறுகிப்போயிருந்தது. கட்டிங் பிளேயரால் திருகித்தான் மார்கரெட்டால் திறக்க முடிந்தது. அவன் கடைசியாகப் பிடித்த தண்ணீர். அதை வேறு என்ன செய்வாள்? தொட்டியில் ஊற்றினாள்.

அதன்பிறகு தொட்டித் தண்ணீரை அவள் மாற்றவே இல்லை. வாரம் ஒரு வாளி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு சேரும், பவளம் சுருங்கும். தெரிந்துதான் விட்டுவிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் அவனுக்குக் குழி இல்லை. இந்தத் தொட்டிதான் இருந்தது. ஒரு வாளி எடுத்தால் அவனில் ஒரு வாளி போய்விடும்.

அந்த ஞாயிறு மாலையே தனகோடிக்கு போன் செய்தாள்.

"அண்ணே, இன்னிக்கு உங்க கடல் எப்ப ஏறுச்சு?"

"இன்னாம்மா திடீர்னு? மத்தியானம் பன்னண்டு, பன்னண்டரைக்கு நல்லா ஏறி நின்னுச்சு. இப்ப வத்திக் கெடக்குது. ஏன், வர்றியா?"

"இல்லண்ணே. சும்மா."

போனை வைத்துவிட்டுத் தொட்டியருகே வந்து நின்றாள். பயம் வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குள் ஏதோ இளகியது. கடல் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் அது ஏறும்போது இங்கே ஏறுகிறது, வற்றும்போது இங்கே வற்றுகிறது. யாரோ தூரத்தில் மூச்சு விடுகிறார்கள். அது இந்தக் கண்ணாடிக்குள் தெரிகிறது. தொட்டியருகே பாய் விரித்துப் படுத்து, மோட்டார் முனகலையும் குமிழிகள் உடையும் மெல்லிய சத்தத்தையும் கேட்டபடி, கல்யாணமான புதிதில் அவன் முதுகில் காதை வைத்துத் தூங்கியதைப் போலத் தூங்கினாள்.

திங்கள், செவ்வாய். ஏறி இறங்கும் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போனது, கடலில் தள்ளிப்போவதைப் போலவே. காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

புதன் இரவு ஒன்பது மணிக்கு, தொட்டி வற்றியிருந்த நேரம், ஜெனியைப் படுக்கவைத்து நெற்றியில் முத்தமிட்டாள். உப்புக் கரித்தது. தலையணை உறை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டிவைத்தாள்.

வியாழக்கிழமை ஜெனியின் தண்ணீர் பாட்டில் பள்ளியிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமையும்.

"ஏன்டி தண்ணியே குடிக்கல?"

"தாகமே இல்லம்மா. வயிறு நெறஞ்சு கீது."

மார்கரெட் காலண்டரைப் பார்த்தாள். வியாழன், வற்றம் காலை ஒன்பதரை. வெள்ளி, பத்து இருபது. இரண்டும் பள்ளி நேரம். தொட்டியிலிருந்து போகும் தண்ணீர் எங்கே போகிறது என்று இத்தனை நாளில் அவள் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை முழுவதும் மகளை விட்டு நகரவில்லை. தொட்டி இருந்த அறைக்குள் அவளை விடவில்லை. மாலை தொட்டி விளிம்பு வரை ஏறி, வழிந்து, அறையெங்கும் ஈர மணலும் அழுகிய பாசியும் கலந்த வாடை நிறைந்தது. அன்றைக்குத்தான் பூபாலனைக் கூப்பிட்டாள்.

மறுநாள் அவர்கள் சர்ச்சுக்குப் போகவில்லை. பதினொன்றரைக்குப் பூபாலன் நீளமான ஹோஸ் பைப்போடு வந்தான். வாசலிலேயே மூக்கைப் பொத்தினான்.

"இன்னா அண்ணி இது, வூடா மீன் மார்க்கெட்டா? அன்னிக்கே சொன்னேன், காலி பண்ணிடுன்னு. நீதான் கேக்கல."

"கேக்காததுக்கு இப்ப திட்டாத பூபாலா. எடுத்து உட்டுரு. எல்லாத்தையும்."

"மீனு?"

"எல்லாத்தையும்."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு பைப்பின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, குளியலறைத் தரையில் போட்டான். தண்ணீர் சலசலத்து ஓடத் தொடங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டவன், மூலையில் கிடந்த நீலக் கேனைக் காலால் நகர்த்தினான்.

"அந்த மூணாவது கேன் இதானே அண்ணி?"

"ம்."

"இத்த நெறையத் தண்ணியோட, மூடி போட்டுக் குடுத்தாரா தனகோடி?"

"ஆமா. தொறக்கவே முடியல. பிளேயர் போட்டுத்தான்..."

பூபாலன் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"அண்ணன் மூடிய கரையிலயே வச்சிட்டுத்தான் எறங்குவான். எப்பவுமே. அன்னிக்கும் எங்கிட்டதான் குடுத்தான். என் வேன்ல கீது இன்னும்."

குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப இத்த யாரு மூடுனது அண்ணி?"

மார்கரெட் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

ஓடும் சத்தம் நின்றது. பைப்பின் முனையில் காற்று இரைந்தது. இருவரும் திரும்பினார்கள். தண்ணீர் பைப்பின் வாய்க்குக் கீழே போயிருந்தது. இன்னும் போய்க்கொண்டிருந்தது. பூபாலன் பைப்பை உருவி எறிந்தான். அப்போதும் இறங்கியது. பாறைகளின் உச்சி வெளியே வந்தது. பிறகு தோள்கள். பவளங்கள் ஒவ்வொன்றாகத் துவண்டு படிந்தன. ஒரு கோமாளி மீன் ஈர மணலில் விழுந்து துடித்தது. மற்றதும் விழுந்தது. மோட்டார் வெறும் காற்றை இழுத்து அலறியது.

தொட்டியைச் சுற்றித் தரை காய்ந்திருந்தது.

"கடல் உள்ள வாங்குது" என்றான் பூபாலன். அவன் குரல் பத்து வயதுப் பையனின் குரலாகியிருந்தது. சுனாமியன்று காலை அவன் கரையில் நின்றவன். "அண்ணி, இப்டிதான் வாங்குச்சு. இப்டியேதான். பாப்பாவ தூக்கினு வா. வண்டிய எடுக்கறேன். வா அண்ணி!"

அவன் படிகளில் தடதடவென்று ஓடினான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. வற்றம். அடுத்த ஏற்றம் ஆறு இருபது. அவளே குறித்து வைத்திருந்தாள்.

படுக்கையறைக்கு ஓடினாள்.

ஜெனி கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். பூப்போட்ட கவுன் வயிற்றருகே இறுகியிருந்தது. நல்ல வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி துவைக்கும் சத்தம்.

"ஜெனி. வாடா. சித்தப்பா வந்துகிறாரு, போலாம்."

அவள் அசையவில்லை. அம்மாவையே பார்த்தாள். தெரிந்த கண்கள். பயந்த கண்கள். இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு கன்னத்தில் நின்றது.

சொட்டுக்குழல் மார்கரெட்டின் கையிலேயே இருந்தது. எப்போது எடுத்தாள், தெரியாது. ஏன் செய்கிறாள், தெரியாது. கண்ணாடி முனையை மகளின் கன்னத்தில் ஒற்றினாள். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.

ஒன்பது. ஒன்பதாக இருக்க வேண்டும், ஆண்டவரே. ஒன்பது.

நீலம். வெள்ளை. கோடு.

முப்பத்தைந்து.

கீழே வேன் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

"ஜெனி. அம்மாகிட்ட பேசு."

உதடுகள் மூடியிருந்தன. இறுக்கி மூடியிருந்தன. ஓரங்கள் வெளுத்து, யாரோ மூடியைத் திருகிவிட்டதைப் போல.

"வாயத் தொறடா கண்ணு. தொற."

மாட்டேன் என்று ஜெனி தலையை ஆட்டினாள். மெதுவாக. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

களக், என்றது.

களக்.