துலாம் ராசிக்கு இன்று ஓய்வு

மதியம் 1.05. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய அரங்கின் பின்வாசல். வேனிலிருந்து உருட்டி இறக்கிய கறுப்புப் பெட்டியின் மூடியைத் தூக்கிய பாக்கியலட்சுமி, தூக்கியபடியே நின்றாள். யானைத் தலையைக் காணோம்.

பெட்டிக்குள் அவள் காலையில் விரித்த பழைய நாளிதழ் மட்டும் கிடந்தது. மனம் திகைத்து நிற்கும்போது கண் தன் பாட்டுக்குக் கிடைத்ததைப் படிக்கும். அவள் கண் ராசிபலனைப் படித்தது. அவளுடைய துலாம்: எதிர்பாராத ஓய்வு கிட்டும்.

“கிட்டிட்டாலும்!” என்று முணுமுணுத்தாள்.

பாக்கியலட்சுமிக்கு ஐம்பத்து நான்கு வயது. பேட்டை பேட்டையாகப் போய்க் குழந்தைகளுக்குப் பாட்டு நாடகம் போடும் குழுவில் மேடைப் பொறுப்பாளர். வயர் சுற்றுவது, கிழிந்ததைத் தைப்பது, தொலைந்ததைத் தேடுவது எல்லாம் அவள் தலையில். மதியமானால் அவள் விரல்கள் மை பட்டுக் கறுத்திருக்கும். வீட்டில் மகள் அதற்கென்றே தனி சோப்பு வாங்கி வைத்திருக்கிறாள். நேற்று இரண்டு காட்சி, நாளை இரண்டு காட்சி. இன்று காலை பத்து மணிக்கு ஈசூனில் ஒரு தொடக்கப்பள்ளி, மூன்று மணிக்கு இங்கே. இருநூறு குழந்தைகள் பெற்றோரோடு வரப்போகிறார்கள், மேடையில் ஆடும் யானையைப் பார்க்க.

“யாரு கடைசியா வண்டியில இருந்தது?” யும்னாவின் குரல் உயர்ந்தது. குழுவின் இயக்குநரும் வேன் ஓட்டுநரும் அவள்தான்.

எல்லார் கண்ணும் ரத்னவேல் பக்கம் திரும்பியது. மிருதங்கக்காரன். மன்னார்குடியிலிருந்து வந்து மூன்று மாதம். மற்றவர்கள் சாப்பிடப் போனபோது வேனுக்குக் காவல் நின்றவன் அவன்.

“போன வாரம் ஞாயித்துக்கிழமை லீவு கேட்டு என்கிட்ட சண்டை போட்டான். ‘இந்த யானை தொலைஞ்சாதான் நமக்கெல்லாம் ஒரு நாள் லீவு’ன்னு சொன்னான். நீங்களும் கேட்டீங்கதானே அக்கா? நான் போலீஸுக்குப் போன் பண்றேன் லா,” என்றாள் யும்னா.

வந்து மூன்று மாதமான ஆள் என்றால் பழி அவன் மேல் எவ்வளவு சுலபமாக உட்கார்ந்துவிடுகிறது! பாக்கியலட்சுமிக்குக் கோபம் வந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை என்பது வேறு விஷயம்.

“பத்து நிமிஷம் குடு யும்னா. அப்புறம் பண்ணு.”

1.15. சாமான் அறை. ரத்னவேலும் பாக்கியலட்சுமியும் மட்டும்.

“எவ்வளவு நேரம் தனியா நின்ன தம்பி?”

“அரை மணி நேரம்க்கா. வண்டியை ஆளில்லாம விட்டா பார்க்கிங் சம்மன் வரும்னு மேடம்தான் நிக்கச் சொன்னாங்க.”

“சாவி?”

“என்கிட்டதான்.”

“பெட்டியைத் திறந்தியா?”

“மிருதங்கத்தை எடுத்துச் சுதி பாத்தேன். பெட்டியைத் தொடவே இல்லக்கா.” அவன் மிருதங்கத்தை மடியோடு அணைத்துக்கொண்டான். “போலீஸ் வந்தா என் வேலை பாஸ் போயிடும். ‘சிங்கப்பூர்ல திருடிட்டு வந்தவன்’னு ஊர்ல சொல்லுவாங்க. அதுக்கப்புறம் எந்தக் கோயில்ல என்னை மேடையேத்துவாங்க?”

1.22. பின்வாசல் படி.

கோவிந்தசாமி அங்கே உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது. ஏழு வருடமாக யானை வேடத்துக்குள் இருந்து ஆடுகிறவர். வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது, தேநீரில் ஆடை படிந்திருந்தது. காலையில் போட்ட பனியன் இன்னும் முதுகோடு ஒட்டியிருந்தது.

“தலையைப் பெட்டியில வச்சது யாருண்ணே?”

“நாந்தான். ஷோ முடிஞ்ச கையோட. பதினொன்னு இருக்கும்.”

“வேற எங்கயும் வைக்கலையா?”

“இல்லம்மா. கழட்டினேன், நேரா பெட்டியில வச்சேன், மூடினேன்.”

“உருட்டும்போது பெட்டி லேசா தெரியலையா?”

“சக்கரம் வச்ச பெட்டிதானே. எடை எங்க தெரியுது.”

1.30. பாக்கியலட்சுமி சாமான் பட்டியலை எடுத்து, ‘யானைத் தலை’ என்ற வரிக்கு நேராகப் பெருக்கல் குறி போடப் போனாள். பேனாவைப் பிடித்த விரல்களைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன.

அவள் திரும்பிப் போய்ப் பெட்டியை மறுபடி திறந்தாள். நாளிதழைத் தடவிப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டாள்.

“நான் ஏன் இதுல பேப்பர் விரிக்கிறேன்?” என்று கேட்டாள்.

“அண்ணன் வேர்வைக்கு,” என்றாள் யும்னா. “இப்ப எதுக்கு அது?”

“நாப்பது நிமிஷம் அந்தத் தலைக்குள்ள ஆடினா பிழியலாம். ரெண்டு வருஷமா மத்தியானம் பெட்டியைத் திறந்தா பேப்பர் கூழாக் கிடக்கும். பிச்சுப் பிச்சு எடுப்பேன், மை கையில ஒட்டிக்கும். இன்னைக்கு நான் ராசிபலன் படிச்சேன் யும்னா. ஒரு எழுத்துகூட நனையலை.”

யும்னா குனிந்து தாளைத் தொட்டுப் பார்த்தாள்.

“ரத்னவேல் இங்க எடுத்திருந்தா தலை போயிருக்கும், ஈரம் போயிருக்காது. காலையில ஷோ முடிஞ்சப்புறம் அந்தத் தலை இந்தப் பெட்டிக்குள்ள வரவே இல்லை. அது ஈசூன்லயே இருக்கு.” பாக்கியலட்சுமி மெதுவாகக் கோவிந்தசாமி பக்கம் திரும்பினாள். “கழட்டி நேரா பெட்டியில வச்சேன்னு நீங்க சொன்னீங்கண்ணே.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கோவிந்தசாமிக்கு அதில் பழக்கமில்லை. படியில் ஒரு முறை மறைத்தார், இந்த முறை தலை கவிழ்ந்துவிட்டார்.

“மூணாவது பாட்டுல கண்ணு இருட்டிடுச்சும்மா. பிள்ளைங்க கை தட்டுது, நான் எங்க நிக்கிறேன்னே எனக்குத் தெரியலை. ஒரே ஒரு மத்தியானம் படுத்தா போதும்னு இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல உடை மாத்துற ரூம் அலமாரியில வச்சிட்டு, வெறும் பெட்டியை மூடிட்டேன். மறந்து விட்டுட்டோம்னு நினைப்பீங்க, ஷோ நின்னுடும்னு பாத்தேன்.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே,” என்றாள் யும்னா.

“சொன்னா வேற ஆளைப் போட்டுருவீங்க. இந்த யானையை விட்டா என்னை யாரு கூப்பிடுவா?” அவர் ரத்னவேலைப் பார்க்காமலே பேசினார். “தம்பி பேரு அடிபட்டதும் நான் வாயைத் திறந்திருக்கணும். முடியலை.”

“தினமும் உள்ள போறதுக்கு முன்னாடி நான்தானேண்ணே உங்களுக்குத் தண்ணி பிடிச்சுக் குடுப்பேன்,” என்றான் ரத்னவேல்.

2.50. யானைத் தலையை எடுத்துக்கொண்டு யும்னாவின் வேன் ஈசூனிலிருந்து திரும்பியது. அரங்கில் குழந்தைகளின் கூச்சல் காதைத் துளைத்தது. கோவிந்தசாமி சுவரைப் பிடித்து எழுந்தார்.

“உக்காருங்க,” என்றாள் யும்னா. “ஆட்டம் சொல்லிக் குடுத்தவளே நான்தான்.” தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு யானைக்குள் தலையை நுழைத்தாள்.

யானை இரண்டு தடவை தவறான பக்கம் நடந்தது, ஒரு தடவை அட்டை மரத்தில் மோதியது. குழந்தைகள் அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். ரத்னவேல் தாளம் தப்பாமல் வாசித்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

3.45. தலையைக் கழற்றிய யும்னா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தலைத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஏழு வருஷமா எப்படிண்ணே?” என்று கேட்டாள். “நாளைக்குக் கிளினிக் போறீங்க. முதல்ல உடம்பு. வேலையைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

பிறகு ரத்னவேலிடம் போனாள்.

“தம்பி, நான் பேசினது தப்பு. மன்னிச்சிடு.”

“சரி மேடம்,” என்றான் அவன். மிருதங்க உறையின் ஜிப்பை இழுப்பதிலேயே கண்ணாக இருந்தான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

4.30. மற்ற சாமான்களை எல்லாம் கட்டி முடித்துவிட்டு, பாக்கியலட்சுமி கடைசியாகப் பெட்டியைத் திறந்து தலையைத் தூக்கினாள். அடியில் தாள் கூழாகியிருந்தது. துலாம் எது, விருச்சிகம் எது என்று தெரியவில்லை. பிய்த்துப் பிய்த்து எடுத்தாள்.

குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ரத்னவேல் தாழ்ந்த குரலில் கேட்டான்: “நீங்க அதைப் படிக்கலைன்னா, இந்நேரம் நான் எங்கக்கா இருப்பேன்?”

பாக்கியலட்சுமி பையை வாங்கி முடிச்சுப் போட்டாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். மை போகவில்லை.