நிழலியின் தீர்ப்பு

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: நூற்கரத்துக்கு முன், நூற்கரத்துக்குப் பின். இதைக் கண்டுபிடித்தவர் தூத்துக்குடி டாக்டர் அறவாழி. நூற்கரத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே.

எட்டுக் கைகள் கொண்ட அந்த இயந்திரம் வயிற்றில் நான்கு சிறு துளைகள் போட்டு, கருப்பையை அகற்றி, தையலும் போட்டுவிடும். பக்கத்து அறையில் டாக்டர் ஜெசிந்தா அதே வேலையைப் பிறப்புவழியாக, வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல், கையாலேயே முடிப்பார். இருவரும் கல்லூரியில் ஒரே பேட்ச்.

"குகைக்குள்ள விறகு இருக்கா ஜெசி? நெருப்பு பத்த வைக்கணும்லா?" என்று கற்காலத்தைச் சொல்லிச் சீண்டுவார் அறவாழி.

"எனக்கு இருக்கு. உனக்குக் கரன்ட் இருக்கா?"

ஜெசிந்தாவின் வாயை அடைக்கவே அறவாழி 'நிழலி'யைச் செய்தார். நோயாளியின் உடலை அப்படியே நகலெடுத்து, அந்த நிழலுடலில் ஒவ்வொரு முறையையும் பத்தாயிரம் தடவை செய்து பார்த்துச் சிறந்ததைச் சொல்லும். அதன் தீர்ப்பை எந்த மருத்துவரும் மீறக்கூடாது, தோற்றவர் வென்றவருக்கு உதவியாக நிற்க வேண்டும் என்று அலையாய் அலைந்து அரசாணையும் வாங்கினார்.

முதல் நோயாளி ரெஜினாள், துறைமுக கிரேன் ஓட்டுநர். கருப்பைக் கட்டியால் ஓயாத ரத்தப்போக்கு. ஏணியில் பாதி ஏறுவதற்குள் தலைசுற்றல்.

"டாக்டரே, ஆறு வாரத்துல நான் மேல ஏறலைன்னா புது கிரேனை வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. பதினெட்டு வருசமா காத்துக்கெடந்தது."

நிழலி சொன்னது: 'பிறப்புவழி.'

அறவாழி அதன் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். 'பிறப்புவழி.' மூன்றாம் முறை ஓட்டியபோது, 'நோயாளி மாறவில்லை' என்றும் சேர்த்துக்கொண்டது.

"மெஷின்ல ஏதோ கோளாறு."

"நீ கட்டுனதுலா? இருக்கும்," என்று ஜெசிந்தா கைகழுவப் போனார்.

ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. அரசாணைக்குக் கட்டுப்பட்டு அறவாழி அருகே நின்று கருவி பிடித்தார். கண் மட்டும் ஜெசிந்தாவின் விரல்களைவிட்டு நகரவில்லை.

ஆறாம் வாரம் ரெஜினாள் நூறு மீட்டர் கிரேனில் தலைசுற்றாமல் ஏறி அடித்த சங்கொலியில் துறைமுகமே நிமிர்ந்து பார்த்தது. நிழலியின் புகழ் நாடெங்கும் பரவியது. பத்தில் ஆறு பேருக்கு அது அதே தீர்ப்பைத்தான் சொன்னது. மீதிப்பேருக்குத்தான் நூற்கரம்.

நூற்கரத்தைப் படமெடுக்க வந்த நிருபர்கள் அதைக் கண்டுபிடித்தவரைத் தேடினார்கள்.

பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜெசிந்தா எதிரே நிற்க, அறவாழி வெறும் கையுறையோடு பிறப்புவழி முறையைப் பழகிக்கொண்டிருந்தார்.

"கண்ணால தேடாத. விரலால தேடு."

"சத்தமா சொல்லாத, ஜெசி."