முனீராவின் மூக்கு

முனீராவின் மூக்கைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

மூன்றாம் மாடியில் யாராவது நெத்திலி வறுத்தால் ஒன்பதாம் மாடியில் இருந்தே சொல்லிவிடுவாள். அத்தா தன் காலுறையைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டால், பள்ளியிலிருந்து வந்து காலணியைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அத்தா என்று அவள் அழைப்பது அவளுடைய அப்பாவை.

"ஆரம்பிச்சுட்டா லா!" என்பார் அத்தா. "அச்சு அசல் எங்க பரீதா அக்கா மூக்கு!"

தம்பி ரமீஸ் பிறந்த பிறகுதான் அந்த மூக்குக்கு ஓர் உருப்படியான வேலை கிடைத்தது.

பிறந்த குழந்தைகளுக்கு எல்லாம் செய்வதுபோல ரமீஸுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவனுக்கு 'ஜி6பிடி குறைபாடு' இருப்பது தெரியவந்தது. பெயரைக் கேட்ட முனீரா அது ஏதோ பேருந்து எண் என்று நினைத்தாள். டாக்டர் லீலா அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார்.

"நம்ம உடம்பு எதை எப்படிச் செய்யணும்னு மரபணுவுல எழுதியிருக்கும். ரமீஸுக்கு ஒரு மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால அவன் ரத்தத்துல இருக்கிற சிவப்பணுக்களுக்குக் காவல் கொஞ்சம் கம்மி."

"ஒரே ஒரு எழுத்தா டாக்டர்?"

"ஒரே ஒரு எழுத்து."

முனீராவுக்கு உடனே தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது. போன வாரம்தான் பலகையைப் பார்த்து எழுதும்போது, 'நான் பள்ளிக்குப் போனேன்' என்பதை 'நான் பல்லிக்குப் போனேன்' என்று எழுதிவிட்டாள். சந்திரமதி டீச்சர் உட்பட வகுப்பே சிரித்தது. 'ள' இருந்த இடத்தில் 'ல' வந்தால் பள்ளிக்கூடமே சுவரில் ஊர ஆரம்பித்துவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பயப்படாதே. எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரி அவனும் ஓடுவான், விளையாடுவான்," என்றார் டாக்டர். "சில மருந்து, ஃபாவா பீன்ஸ்ங்கிற ஒரு வகை அவரை, அப்புறம் துணிக்குள்ள பூச்சி வராம இருக்கப் போடுவாங்களே, அந்த அந்துருண்டை, இதெல்லாம் மட்டும் அவனுக்கு ஆகாது. அந்துருண்டை வாசனைகூட வேண்டாம். சிவப்பணு உடைஞ்சு உடம்பு மஞ்சளாயிடும். ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும்."

"இது எங்கிருந்து வந்துச்சு டாக்டர்?" என்று அத்தா கேட்டார்.

"பையன்களுக்கு இது அம்மாகிட்டேருந்து வரும். அவங்க தப்பு ஒண்ணும் இல்ல."

அம்மாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. ஈசூனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் ரமீஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் முன்புபோல் சிரிக்கவில்லை.

அன்றே முனீரா முடிவு செய்துவிட்டாள். இந்த வீட்டுக்குள் ஓர் அந்துருண்டைகூட இருக்கக்கூடாது.

அலமாரி, பெட்டி, சமையலறை இழுப்பறை என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். அத்தாவின் கல்யாணக் கோட்டுப் பையில் இரண்டு உருண்டைகள் அகப்பட்டன. அத்தா எவ்வளவோ கெஞ்சியும், அந்தக் கோட்டு அவருடைய நண்பர் வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது.

"பரீதா மாமிகிட்டேயும் சொல்லிட்டீங்களா அத்தா?" என்று கேட்டாள் முனீரா.

"அக்காகிட்ட மெதுவா சொல்லிக்கலாம்," என்று நழுவினார் அத்தா.

அத்தாவுக்குப் புலியைக்கூடச் சமாளிக்க வரும், அக்காவைச் சமாளிக்க வராது. தேக்கா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பரீதா மாமிக்குப் பாசம் அதிகம்தான். ஆனால் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும்.

தம்பிக்கு முடி இறக்கிய நாளில் வீட்டில் விருந்து. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மின்தூக்கி திறந்தது. பட்டுப்புடவை சரசரக்க, கையில் ஒரு பெரிய மூட்டையோடு மாமி நடந்து வந்தார். மாமிக்கு முன்பாகவே அந்த வாசனை வந்துவிட்டது. முனீராவுக்கு மூக்கில் வியர்த்தது. ஓடிப்போய் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"மாமி, நில்லுங்க! உள்ள வராதீங்க!"

பிரியாணித் தட்டோடு வந்த அத்தா அப்படியே நின்றுவிட்டார். மாமியின் முகம் சிவந்தது.

"டேய் ஹனீபா! உன் மக என்னை வாசல்லேயே நிறுத்துறா, பாரு!"

"உங்களை இல்ல மாமி, அந்த மூட்டையை!"

"மூட்டையா? இது தொட்டில் துணி! ஜரிகை வச்சு நானே தைச்சது. என் மூணு பிள்ளைங்களும் இதுலதான் தூங்குச்சு. இத்தனை வருஷமா அந்துருண்டை போட்டுப் பத்திரமா வச்சிருந்தேன், உன் தம்பிக்குத் தரணும்னு!"

முனீராவுக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறார். ஆனாலும் கையை இறக்கவில்லை. டாக்டர் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மாமி நம்பவில்லை. "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி ஒண்ணு கிடையாதே! எங்கிருந்துதான் வந்துச்சோ?"

அறை வாசலில் ரமீஸை ஏந்தி நின்ற அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

முனீராவுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் கத்தினால் மாமி திரும்பிப் போய்விடுவார். அம்மாவின் தலை இன்னும் குனிந்துவிடும். அவள் மூச்சை ஆழமாக இழுத்தாள், வாயால்தான்.

"மாமி, போன வாரம் நான் பல்லிக்குப் போனேன்."

மாமி விழித்தார். "எங்கே போனே?"

"பள்ளின்னு எழுதறதுக்குப் பதிலா பல்லின்னு எழுதிட்டேன். அது நான் கவனிக்காம செஞ்ச தப்பு. ஆனா தம்பிக்கு இருக்கிறது யாரும் செஞ்ச தப்பு இல்ல மாமி. எப்பவோ யாருக்கோ ஒரு எழுத்து மாறியிருக்கு. அது அப்படியே காப்பி ஆகிக் காப்பி ஆகி வந்திருக்கு. அம்மாவுக்கே தெரியாது."

"அதுக்கில்லடி..."

"உங்க மூக்கு எனக்கு வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க வேணும்னேவா குடுத்தீங்க? அது தானா வந்துச்சு. இதுவும் அப்படித்தான் வந்துச்சு."

மாமியின் கை தானாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

"எனக்குள்ளேயும் அந்த எழுத்து ஒளிஞ்சிருக்கலாம் மாமி. பாதிக்குப் பாதி சான்ஸ்னு டாக்டர் சொன்னாங்க. நானும் உங்க பக்கம்தானே?"

மாமி முனீராவையே பார்த்தார். பிறகு மூட்டையை அத்தாவின் கையில் திணித்தார்.

"ஹனீபா, இதைக் கீழே நிக்கிற என் கடை வேன்ல வச்சிட்டு வா. இதை முன்னாடியே சொல்ல மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அத்தா தப்பித்தோம் பிழைத்தோம் என்று மின்தூக்கியை நோக்கி ஓடினார். மாமி வாசலில் நின்றபடியே அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஹஸீனா, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே. எங்கே, பிள்ளையைக் கொடு."

"மாமி..." என்றாள் முனீரா. கை இன்னும் விரிந்தபடியே இருந்தது.

"இப்ப என்ன?"

"புடவை. அதுவும் அதே பீரோவுலேருந்து வந்ததுதானே?"

மாமி தன் பட்டுப்புடவையைக் குனிந்து பார்த்தார். முந்தானையை எடுத்து முகர்ந்தார். இன்னொரு முறை நன்றாக முகர்ந்தார்.

"பழகிப்போனதால எனக்கே தெரியல. ஹஸீனா, உன்கிட்ட பாஜு கூரோங் இருக்கா?"

"இருக்கு அக்கா. ஆனா உங்களுக்குப் பத்தாதே!"

"இருக்கிறதைக் கொடு லா!"

பக்கத்து வீட்டில் போய் உடை மாற்றி, கை கழுவிக்கொண்டு வந்தார் மாமி. பூப்போட்ட அந்தப் பச்சை மலாய் உடுப்பின் கை அவருடைய முழங்கையோடு நின்றுவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிக்கிறவங்களுக்குப் பிரியாணி கிடையாது!" என்று அதட்டிவிட்டு, மாமி ரமீஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த அதட்டலுக்கு முதலில் சிரித்தது அம்மாதான். வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! அப்போதுதான் முனீராவுக்கு விரித்த கைகளை இறக்க நினைவு வந்தது.

விருந்து முடிந்து மாமி புறப்பட்டார். பட்டுப்புடவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டப்பட்டிருந்தது.

"ஹஸீனா, அடுத்த சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கிட்டு எல்லாரும் எங்க வீட்டுக்கு வரணும்," என்றார். பிறகு முனீராவின் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் முந்தின நாளே வந்துடு."

"எதுக்கு மாமி?"

"என் வீட்டுல அஞ்சு பீரோ இருக்கு. வரும்போது மூக்கை மறக்காம எடுத்துட்டு வா!"