லைனை விடு

டெய்லரின் மைத்துனன் ஒரு சூட்கேஸும் ஒரு கம்ப்யூட்டருமாக வந்து இறங்கியபோது, மாலை மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. மாடி அறை அவனுக்குத்தான். டெய்லர் தங்கியிருந்து உயிர்விட்ட அதே அறை.

"உங்களைத்தானே மோடம்னு கூப்பிடுவாங்க? மாமா சொல்லியிருக்காரு. எனக்கும் ஒரு நெட் லைன் இழுத்துக் குடுங்கண்ணே."

மோடம் தலையாட்டினான். பலர் அறை அறையாக வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் ஒரே போன் இணைப்பில் மோடம் பெட்டியை மாட்டி நெட்டைப் பிடித்து, ஹாலிலிருந்த தன் கம்ப்யூட்டர் வழியாக எல்லா அறைகளுக்கும் கேபிள் இழுத்துப் பங்கு வைத்தவன் அவன். பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நெட் ஓடும்போது போன் பேச முடியாது. மாடி அறையிலிருந்த போனை யாராவது எடுத்தால் நெட் அறுந்துவிடும். அதற்காக ஓர் ஏற்பாடு: டெய்லர் பேச வேண்டுமென்றால் துணி அளக்கும் மரஸ்கேலால் தரையில் மூன்று தட்டு தட்டுவார். லைனை விடு என்று அர்த்தம். மோடம் முணுமுணுத்துக்கொண்டே துண்டிப்பான்.

கேபிளை மாட்டிவிட்டு இருவரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். மோடம் பெட்டி கீச்சிட்டு, கரகரத்து, அடங்கியது. நெட் வந்துவிட்டது.

"ஊர்ல அக்கா இன்னும் சரியாச் சாப்பிடறதில்லண்ணே," என்றான் மைத்துனன். "மாமா மூச்சு இழுப்பு வந்து, கையில ரிசீவரோடதான் கிடந்தாராம். ஆனா யாருக்குமே போன் வரல. கடைசி நேரத்துல என்னை நினைக்கவே இல்லையோன்னு புலம்பிக்கிட்டே இருக்கு."

 போன் வராத காரணம் மோடம் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு நெட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இறங்கி, முடியும் தறுவாயில் இருந்தது. நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. யாரும் கெடுத்துவிடக் கூடாதென்று மாடிப் போனின் ஒயரைப் படிக்கட்டடியில் பிடுங்கி வைத்திருந்தான். மேலே மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்தால் என்னவாம் என்று நினைத்தான். மறுபடியும் தட்டியது, சன்னமாக. இந்த முறை இரண்டோடு நின்றுவிட்டது. தொல்லை விட்டதென்று விளையாட உட்கார்ந்தான். பிறகு மாடியில் கிடந்தவரைப் பார்த்ததும், அவன் செய்த முதல் வேலை கீழே ஓடிவந்து ஒயரைத் திரும்பச் செருகியதுதான். அதை நினைத்தால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

"நேரம் இருந்திருக்காது தம்பி," என்றான்.

நெட் அறுந்தது.

யாராவது போனை எடுத்தால்தான் அப்படி அறும்.

மேலே, தரையில், மூன்று தட்டு.

"மேல யாரு?" மைத்துனன் கிசுகிசுத்தான். "ரூமைப் பூட்டிட்டுத்தானே வந்தேன்."

மோடம் பாய்ந்து போன் ஒயரைப் பிடுங்கினான். மின்சார ஒயரையும் பிடுங்கினான். பெட்டியின் விளக்குகள் அணைந்தன.

சத்தம் அணையவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து மூச்சு கேட்டது. விசில் மாதிரி இழுத்தது, நின்றது, திரும்ப இழுத்தது. ஹால் முழுக்கத் தையல் மெஷின் எண்ணெய் வாசனை.

"மாமாவோட இழுப்புண்ணே அது."

மோடம் மைத்துனன் பக்கம் திரும்பினான். "ஒயரைப் பிடுங்கி வச்சது நான்தான் தம்பி. அவரு கூப்பிடத்தான் பார்த்தாரு. தட்டினாரு. எனக்குக் கேட்டுச்சு. அக்காகிட்ட சொல்லிடுங்க."

மூச்சு நின்றது.

 மைத்துனன் அடித்திருந்தாலாவது தேவலை. சூட்கேஸை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அவன் சொல்லித் தெரிந்துகொண்ட மற்றவர்களும் ஒவ்வொருவராக வீட்டைக் காலி செய்தார்கள். போகும்போது யாரும் மோடமின் முகத்தைப் பார்க்கவில்லை.

போன் இணைப்பையே எடுத்தாகிவிட்டது. பெட்டியை உடைத்துக் குப்பையில் போட்டாகிவிட்டது. வேறு வீடு தேடிப் போகலாம்தான். போய், அங்கே யார் முகத்தில் விழிப்பது? மழைக்கு இருட்டும் மாலைகளில், ஆளில்லாத மாடியில் தட்டு கேட்கிறது.

"விட்டுட்டேண்ணே," என்கிறான் மோடம், அண்ணாந்து பார்த்து. "லைனை விட்டுட்டேண்ணே."

தட்டு நிற்கிறது. பிறகு, சன்னமாக, இரண்டு தட்டு.

மூன்றாவதுக்காக அவன் காத்துக்கொண்டே இருக்கிறான்.