குமட்டும் மண்

காலை எட்டு மணிக்கெல்லாம் முதல் பிள்ளை வந்துவிடும். புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் இனிப்பு டப்பாவோடு மாமன்மார். ஐந்து வயது முடிந்த முப்பது நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது மேல்நகரின் சட்டம். ஆனாலும் பெற்றோர் அதைக் காதுகுத்து மாதிரிதான் கொண்டாடினார்கள்.

வடிவு பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, பேர் கேட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்கழுத்தில் மருந்தை ஏற்றுவாள். பிறகு தன் மூக்கில் கவ்வியை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசக்குப்பியைத் திறந்து பிள்ளையின் மூக்குக்குக் கீழே பிடிப்பாள். குப்பியில் இருந்தது ஈரக் களிமண். சுண்டைக்காய் அளவுதான். பிள்ளையின் உதடு வெளுக்கும். காலையில் குடித்த பால் திரிதிரியாகத் தட்டில் விழும். இரண்டாம் முறை திறந்தால் இட்லி வரும். மூன்றாம் முறை வெறும் மஞ்சள் நீர் வந்தால், அட்டையில் ‘பிடித்தது’ என்று முத்திரை குத்துவாள். சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள்.

பத்தொன்பது ஆண்டுகளாக அவள் செய்துவந்த வேலை அது. விலக்கூசி என்று பேர்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் மண்காய்ச்சல் வந்தது. நிலத்தில் கலந்துகிடந்த பிளாஸ்டிக் துகள்களைத் தின்று ஒரு பூஞ்சை பெருகியது. வெறுங்காலோடு மண்ணை மிதித்தவர்கள் பத்தே நாளில் நுரையீரல் வெந்து செத்தார்கள். மிஞ்சியவர்கள் தாமிரபரணிச் சமவெளிக்கு மேலே, நாற்பது மீட்டர் உயரத் தூண்களில் நகரத்தைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் எப்படியாவது கீழே இறங்கின. பயம் காட்டிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. குமட்டச் செய்தார்கள், கேட்டன. மண் வாடை பட்டாலே குடல் புரளும்படி மூளையில் ஒரு முடிச்சுப் போடுவதுதான் அந்த ஊசி. வடிவுக்கும் ஐந்து வயதில் போட்டார்கள். பூந்தொட்டிப் படத்தைப் பார்த்தால்கூட அவளுக்கு வாயில் எச்சில் ஊறி நிற்கும்.

அவள் கணவன் ஆவுடையப்பனுக்கு மட்டும் ஊசி பிடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபோது அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி வாய்க்குள் விரலை விட்டு வாந்தியெடுத்து முத்திரை வாங்கியவன். அதைக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, பூஞ்சை அடியோடு அழிந்துவிட்டது என்று நிலவாரியம் அறிவித்த அன்றுதான் அவளிடம் சொன்னான். மறு மாதமே கீழே பயிர் வைக்கப் போனவர்களோடு போய்விட்டான். அங்கே இருநூற்றுச் சொச்சம் பேர், ஒரு குளத்தங்கரையில் குடியிருந்தார்கள்.

வாரம் ஒரு முறை மேலே வருவான். லிஃப்டிலேயே மூன்று முறை குளிப்பாட்டித்தான் அனுப்புவார்கள். அப்படியும் அவன் கதவைத் திறக்கும்போதே வடிவுக்குத் தெரிந்துவிடும். நகக்கண்ணில், காது மடிப்பில், குதிகால் வெடிப்பில் எங்கேயோ ஒரு துளி. அவன் கை தோளில் பட்டதும் அவள் குளியலறைக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது அவன் கட்டிலில் ஓரமாக, யார் வீட்டுக்கோ வந்தவன் போல உட்கார்ந்திருப்பான்.

“உங்க மேல இல்ல. அந்த வாடை மேலதான்,” என்பாள்.

“தெரியும்ட்டி. ஆனா அந்த வாடையுந்தான இப்ப நானு,” என்றான் ஒரு நாள். “நீ கீழ வந்திரு. எத்தன நாளைக்கு இப்படி?”

கீழே குடிபோக உரிமம் வேண்டும். ஊசி பிடித்தவர்கள் அதற்கு மண்தேர்வு எழுத வேண்டும். எழுதுவது என்பது பேச்சுக்குத்தான். கீழே பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, பூஞ்சைக்கு மறுபடி தீனியாகிவிடும். உலோகமோ மேல்நகருக்கே போதவில்லை. எனவே கீழே வாழ வருகிறவர் தன் பாத்திரத்தைத் தானே, குளத்து மண்ணைத் தோண்டி, வெறுங்கையால் வனைந்து, திறந்த நெருப்பில் சுட்டெடுக்க வேண்டும். பிறகு அதில் ஒரு குவளை தண்ணீர் குடித்து, பதினைந்து நிமிடம் வாந்தியெடுக்காமல் இருந்து காட்ட வேண்டும். வடிவு இருபது நாள் விடுப்புப் போட்டாள்.

தேர்வு அதிகாரி டாக்டர் ஜெசிந்தா. நாற்பது வயது, மேல்நகர்க்காரர். கரையிலிருந்து குளத்துக்குள் நீட்டிப் போட்ட பலகைப் பாலத்தில், கழுத்து வரை வெள்ளை உடையும் முகமூடியுமாக நின்றுகொண்டார். காலைப் பலகைக்கு வெளியே வைக்கவே இல்லை.

“கையுறை கூடாது, வடிவு. எப்ப வேணா நிறுத்திக்கலாம். நிறுத்தினா திரும்ப ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்,” என்றார்.

முதல் நாள் மண்ணைத் தொடவே மதியமாகிவிட்டது. குளத்தின் வற்றிய ஓரத்தில் ஆவுடை மண்வெட்டியால் மேல்மண்ணை விலக்கிக் காட்டினான். கீழே சாம்பல் நிறத்தில், பிணத்தின் ஈறு போலப் பளபளத்தது களி. வடிவு குனிந்து கையை விட்டாள். குளிர்ந்த, வழுவழுப்பான எதுவோ விரல் இடுக்கெல்லாம் புகுந்து உறிஞ்சியது. பிடுங்கியபோது ‘சளக்’ என்றது. அந்தச் சத்தத்திற்கே அவள் கரையில் போய் விழுந்து வாந்தியெடுத்தாள். வாந்தி மண்ணில் ஊறியதும் இரண்டும் கலந்து ஒரு வாடை கிளம்ப, அதற்கும் வாந்தியெடுத்தாள்.

இரண்டு கூடை மண் சேர்க்க மூன்று நாள் ஆயிற்று. அதை ஊறப்போட்டு, வேரும் கல்லும் பொறுக்க வேண்டும். வேர் என்று இழுத்தது ஒரு முறை நெளிந்தது. இளஞ்சிவப்பாக, இரண்டாக அறுந்து, இரண்டு துண்டும் தனித்தனியே நெளிந்தன. நிறுத்திக்கொள்கிறேன் என்று அலறிச் சொல்லப்போனாள். வாய் திறந்தால் வேறொன்று வரும் என்பதால் சொல்ல முடியவில்லை. வாயை மூடி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் சொல்ல வேண்டாமென்று ஆகிவிட்டது.

மணல் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்தினாள். ஒரு துண்டைக் கயிறாக உருட்டி விரலில் சுற்றினால் வெடிக்கக் கூடாது, அதுதான் பதம். உருண்டையைக் கட்டைவிரலால் குழித்து அடியைச் செய்து, அதன் மேல் மண்திரிகளை வட்டம் வட்டமாக அடுக்கி, ஈரக் கையால் இழைத்துச் சேர்த்தாள். உள்ளே கையை விட்டு வழிக்கும்போது எதன் வயிற்றுக்குள்ளேயோ கைவிட்டது போலிருந்தது. இரவில் எத்தனை முறை கழுவினாலும் ரேகைக்குள் சாம்பல் நிறம் நின்றது. அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் ஆவுடை ஊட்டிவிட்டான். அவன் கையும் அதே கைதான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

முதல் பானையை அவசரப்பட்டு, வனைந்த நான்காம் நாளே நெருப்பில் வைத்தாள். வைக்கோலும் தென்னை மட்டையும் வறட்டியும் அடுக்க வேண்டும். வறட்டி என்பது மாட்டுச் சாணம் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதற்கும் கீழே ஒன்று இருந்திருக்கிறது. தீ பிடித்துக் கால் மணி நேரத்தில் ‘டொப்’ என்றது. உள்ளே ஈரம் காயாத பானை வெடித்துச் சில்லு சில்லாகத் தெறித்தது.

“இன்னும் பத்து நாள் இருக்கு,” என்றார் டாக்டர் பலகையிலிருந்து.

வடிவு மறுபடி குளத்தில் இறங்கினாள்.

இரண்டாவது பானையை நிழலில் ஆறு நாள் உலரவிட்டாள். கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினாள். சுடுவதற்கு முன் நெருப்பைச் சுற்றித் தள்ளி வைத்து, திருப்பித் திருப்பிச் சூடேற்றினாள். பிறகுதான் மூட்டம் போட்டாள். சாணப் புகை முகத்தில் அடித்துக் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. மாலையில் சாம்பலைக் கிளறி எடுத்தபோது பானை செம்மண் நிறத்தில், ஒரு பக்கம் புகைக் கருப்போடு முழுசாக இருந்தது. சுண்டினால் ‘ணங்’ என்றது. ஆவுடை அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். வடிவுக்கு அது ஒரு பெரிய காய்ந்த புண் போலத் தெரிந்தது.

மறுநாள் காலை டாக்டர் நேரம் பார்த்தார். வடிவு குடித்தாள். தண்ணீரில் புகையும் மண்ணும் கரைந்திருந்தன. நாக்கில் நறநறவென்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. பன்னிரண்டாம் நிமிடம் குடல் ஒரேயடியாக மேலே ஏறியது. குடித்ததெல்லாம் சூடாக, புளிப்பாக வாய்க்குள் வந்து நிறைந்தது. கன்னம் உப்பியது. அவள் உதட்டை இறுக்கி, ஆவுடையைப் பார்த்து, வந்ததை அப்படியே விழுங்கினாள். மீண்டும் வந்தது. மீண்டும் விழுங்கினாள்.

“பதினைந்து,” என்றார் டாக்டர்.

“பாத்தியா! போயிருச்சி பாத்தியா!” என்று ஆவுடை துள்ளினான்.

“ஒண்ணும் போகல,” என்றாள் வடிவு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “எப்பப் போகும் டாக்டர்?”

டாக்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். “போகாது. இதுவரைக்கும் நூத்திப்பத்துப் பேர் தேறியிருக்காங்க. ஒருத்தருக்கும் போகல. இங்க தினமும் விழுங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க. அழிக்கிற மருந்து கிடையாது.”

சொல்லிவிட்டு உரிமத் தாளை எடுத்தார். “இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். உங்க இடத்துக்கு வேற செவிலியர் வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் மேல போய் வேலையப் பாத்துட்டு, அப்புறம் இறங்கிக்கலாம். திங்கக்கிழமை சேர்ந்துடுங்க. புதன்கிழமை என் பொண்ணு வர்றா. நீங்களே போட்டாத் தேவல, உங்க கையால போட்டா வலிக்காதும்பாங்க.”

வடிவு தன் கையைப் பார்த்தாள்.

“மண்ணுல ஒண்ணும் இல்லன்னு வாரியமே சொல்லிட்டுதே டாக்டர். பதினாலு மாசமாச்சு. இன்னும் எதுக்குப் போடுதோம்?”

“சட்டம் மாறல. போடாம விட்டா மத்த பிள்ளைங்க அவளச் சேத்துக்காது. மண்ண மோந்துட்டுச் சிரிக்கிற பிள்ளைய யார் வீட்டுக்குள்ள விடுவா? நானே விடமாட்டேன். உடம்பு பதறுது, அத என்ன செய்யச் சொல்றீங்க?”

பதினான்கு மாதம். ஆவுடை ஒவ்வொரு வாரமும் உயிரோடு, உடம்பு தேறி, மேலே வந்து நின்றிருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே அவள் தினமும் எட்டு மணிக்குப் போய்க் குப்பியைத் திறந்திருக்கிறாள். பன்னிரண்டாம் நிமிடத்தில் வாய்க்குள் வந்து நின்றது இனி அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்க உண்டு. அவளே வைத்தது. வடிவுக்குத் தன் விரல்களை அறுத்து எறிய வேண்டும் போலிருந்தது. இருபது நாளில் களிமண் கூட அவளை இப்படிக் கூச வைக்கவில்லை.

“நான் போடமாட்டேன்.”

“அப்ப உரிமம் கிடையாது. பணியை விட்டு ஓடினதா ஆயிடும். கூட்டிட்டுப் போகக் காவலர் வருவாங்க,” என்றார் டாக்டர்.

“ஏ வடிவு,” என்று ஆவுடை அவள் பக்கம் குனிந்தான். “ஒரு மாசந்தான? கண்ண மூடிக்கிட்டுப் போட்டுட்டு வந்திரு. நீ போடலன்னா இன்னொருத்தி போடப்போறா.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேல் இத்தனை நாள் இருந்த அருவருப்பு அவனால் வந்தது அல்ல, ஊசியால் வந்தது. இப்போது வந்தது அப்படி அல்ல.

“ஒரு மாசத்துல தொண்ணூறு பிள்ளைங்க,” என்றாள். “நீங்க வாய்க்குள்ள வெரல விட்டுத் தப்பிச்சிட்டீய. அதான் லேசாச் சொல்லுதீய.”

ஆவுடை பானையை எடுத்து ஓரமாக வைத்தான். டாக்டர் தாளை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு பலகையில் நடந்து லிஃப்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காவலர் இருவர் வந்தார்கள். இருவரும் மேல்நகர்க்காரர்கள், இருவருக்கும் ஊசி போட்டிருந்தது. வெள்ளை உடை தூரத்தில் தெரிந்ததுமே வடிவு குளத்துக்குள் ஓடினாள். முழங்கால் வரை சேறு இருந்த இடத்தில் நின்றாள். அவர்கள் பலகையின் நுனிவரை வந்து நின்றுவிட்டார்கள்.

“வெளிய வாங்கம்மா. எங்களுக்குச் சிரமம் குடுக்காதீங்க.”

“நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க.”

இளையவன் ஒரு காலைப் பலகையிலிருந்து இறக்கினான். பூட்ஸ் சேற்றில் அமிழ்ந்து ‘சளக்’ என்றது. அவ்வளவுதான். முகமூடிக்குள்ளேயே வாந்தியெடுத்தான். முகமூடிக் கண்ணாடி உள்பக்கமாக மறைந்துவிட, தடவிக்கொண்டே பலகையில் தவழ்ந்து ஏறினான். மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கும் அதே ஊசிதான்.

“டாக்டரம்மா மக வந்தாளா, புதன்கிழமை?” என்று வடிவு குரல் கொடுத்தாள்.

“காய்ச்சல்னு தள்ளிப் போட்டிருக்காங்க,” என்றார் மூத்தவர். “மத்த பிள்ளைங்களுக்குப் போட்டாச்சு. அடுத்த தளத்துல இருந்து ஒரு அம்மா வந்திருக்கு.”

வடிவு தலையை ஆட்டினாள். அவள் கால்விரல்களுக்கிடையே சேறு பிதுங்கி ஏறியது. கெண்டைக்காலில் ஏதோ உரசிப்போனது. ஆனால் அந்தக் குளத்தில் அவளைத் தொட மேல்நகரிலிருந்து ஒருவராலும் வர முடியாது. பத்தொன்பது வருஷம் ஊசி போட்டு, அவள் கையாலேயே அதற்கு வழி செய்திருந்தாள்.

ஆவுடை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றான். டாக்டர் போனதிலிருந்து இருவரும் பேசியிருக்கவில்லை.

“தொண்ணூறு பிள்ளைன்னு எனக்குத் தோணவே இல்ல, வடிவு,” என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். விலகிப் போகவில்லை.

அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் காவலர்கள் திரும்பினார்கள். இளையவனை மூத்தவர் தோளில் தாங்கிக்கொண்டு நடந்தார். லிஃப்டின் கதவு மூடி, அது தூணோடு மேலே ஏறத் தொடங்கியது.

“கரையேறிருவமா?” என்று ஆவுடை கை நீட்டினான்.

“இன்னுங் கொஞ்சம் நிப்பம். மேல போற வரைக்கும் அவங்க பாத்துக்கிட்டே போகட்டும்,” என்றாள் வடிவு. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் குமட்டியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குளத்து நீரிலேயே வாந்தியெடுத்தாள்.