கீழ்வரிசை

புதுப் பெட்டிக்குள் இருந்த மெழுகுத் தகட்டை யாரோ கடித்திருந்தார்கள்.

பெட்டியின் ஒட்டுத்தாளை இப்போதுதான், தன் நகத்தால், அவளே கிழித்திருந்தாள். உள்ளே நாக்கின் நிறத்தில் அடுக்கடுக்காகத் தகடுகள். முதல் தகட்டின் ஓரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு கடி. குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். கீழ்வரிசை மட்டும் பதிந்திருந்தது. திருப்பினாள். பின்பக்கம் வழவழவென்று இருந்தது. மேல்பல்லே படாமல் கீழ்ப்பல்லால் மட்டும் எப்படிக் கடிப்பது? நடுவில் இரண்டு பற்கள், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருந்தன.

அந்தப் பற்களை அவளுக்குத் தெரியும்.

தகட்டை ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் காட்டினாள். முதலில் ஓரம் பளபளத்தது, பிறகு வளைந்தது, பிறகு கடி இருந்த இடம் வழிந்து கிண்ணத்தில் சொட்டியது. இதை முன்பு ஒருமுறை செய்திருக்கிறாள். கைக்குப் பழக்கம்.

பல்செட்டு செய்யும் கூடம் அது. இரண்டாவது மாடி, மூன்று மேசை, ஒரு நீண்ட அலமாரி. கிளினிக்குகளில் எடுத்த பல் அளவுகள் பெட்டிகளில் வரும். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி வாயின் பிரதி எடுப்பார்கள். பிரதியின் மேல் மெழுகில் செட்டு கட்டுவார்கள். மெழுகு வேலை இவளுடையது; அதனால் இவள் பெயரே மெழுகு. மாவு கரைத்து ஊற்றியவள் மாவு. பெட்டிகளைத் தோளில் மாட்டிய பையில் கொண்டுவந்து கொண்டுபோனவன் பை. மூவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. "வாங்கின சம்பளத்துக்கு மேல பல்லக் காட்டறீங்க" என்று ஓனரம்மா திட்டும் அளவுக்குச் சிரித்தவர்கள். மாவு மட்டும் சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அந்தக் கால்மேல் கால் பற்களுக்காக.

மாவு செத்து இரண்டு மாதம் ஆகிறது.

மணி நாலுதான். ஆனால் மழை கட்டிக்கொண்டு நின்றதில் ஜன்னல் கண்ணாடி கறுத்து, அதில் குழல்விளக்கும் அவள் முகமும் மட்டும் தெரிந்தன. ஓனரம்மா வெளியே போயிருந்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அந்தப் பையன் அஞ்சு மணிக்கு வரான். அந்தப் பொண்ணோட பிரதிய எடுத்துக் குடுத்துடு. அவங்கம்மா கேட்டாங்களாம். நம்மகிட்ட எதுக்கும்மா அது, பாவம்."

அலமாரியின் கடைசித் தட்டில் அது இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்து வேலை செய்தாள்.

பழகுவதற்காக ஒருவர் வாயை ஒருவர் அளவெடுத்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இவள் முக்காலியில் உட்கார்ந்தாள். மாவு பசை நிரப்பிய டிரேயை இவள் வாயில் அழுத்திப் பிடித்தாள். பசை இறுகும்வரை அசையக் கூடாது, பேச முடியாது. "மூக்கால மூச்சு விடு. வேற எங்கயும் பாக்காத, என்னையே பாரு." பார்த்தாள். சுண்ணாம்பு வாசம் அடிக்கும் விரல்கள் தன் கன்னத்தில் நடுங்குவதையும், அந்த நடுக்கம் பசையின் குளிர்ச்சியால் வந்ததல்ல என்பதையும், இத்தனை வருஷம் எந்த ஆணைப் பார்த்தும் அசையாத ஏதோ ஒன்று தன் விலாவுக்குள் எழுந்து உட்காருவதையும், வாய் நிறைய அடைத்துக்கொண்டு, ஒரு சொல் சொல்ல வழியில்லாமல் பார்த்தாள். டிரேயை எடுத்தபின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த பசையை மாவு கட்டைவிரலால் துடைத்தாள். அடுத்தமுறை கட்டைவிரலால் இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள் மாவு. "நான் இன்னும் எனக்கே சொல்லிக்கல."

அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு விளையாட்டு வந்தது. மீந்த மெழுகுத் துண்டைக் கடித்து மற்றவள் மேசையில் வைப்பது. ஒரு கடி என்றால் டீ குடிக்கப் போகலாம். இரண்டு கடி என்றால் வேலை முடிந்து தரைப்பாலத்துக்கு வா. கட்டடத்துக்குப் பின்னால் வாய்க்காலைக் கடக்கும் பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது, உட்கார்ந்தால் கால் தண்ணீரைத் தொடும்.

ஒரு மாதம் கழித்து, மாடிப்படியின் திருப்பத்தில் பையின் தோளில் மாவு தலை சாய்த்திருந்ததை இவள் பார்த்தாள்.

"ரெண்டு பேரையுமா?" என்று கேட்டாள் அன்று.

"தெரியலடி. ரெண்டு பேரையும் புடிக்குது. ஒரே மாதிரி இல்ல. அது தப்பா?"

"கடையில புடவை எடுக்கறியா நீ?"

"திட்டு. ஆனா கொஞ்சம் டைம் குடு. தெரிஞ்சா முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்."

இவள் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டே ஊமைச் சண்டை. ஏழாம் நாள், மழை இருட்டிய மதியம், பையின் தோள்பைக்குள் மாவு எதையோ செருகுவதைக் கண்ணாடியில் பார்த்தாள். அவன் கை கழுவப் போன நேரம் போய் எடுத்தாள். மெழுகு. இரண்டு கடி.

ஆக, அவனுக்கும் அதே விளையாட்டு. அதே பாலம்.

தன் மேசைக்குத் திரும்பினாள். விளக்குதான் முன்னால் எரிந்துகொண்டிருந்ததே, காட்டினாள். உருகியது. மாவு அன்று சாயங்காலம் தரைப்பாலத்தில் யாருக்காகவோ காத்திருந்தாள். மேலே எங்கோ பெய்த மழையின் தண்ணீர் ஒரே வீச்சில் இறங்கியது.

எட்டு நாள் கழித்துக் கிடைத்த உடம்பை யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. போலீசார் பல் பிரதி கேட்டார்கள். இவள்தான் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனாள். டாக்டர் ஒத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல்வரிசை சரியா பொருந்துது. கீழ்த்தாடை இல்ல. தண்ணியில போயிருக்கும்." திரும்பவும் மடியில் வைத்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். தானாகக் குதித்தாள் என்று எல்லோரும் பேசினார்கள். மாவின் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

டக். டக்.

மெழுகுக் கத்தி கையில் நின்றது.

செட்டு சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, "எங்க, டக்டக்னு கடிங்க" என்பார்களே, அந்தச் சத்தம். அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து. மழையாக இருக்கும், ஜன்னல் கொக்கியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் கொக்கி மாட்டியிருந்தது, மழை இன்னும் விழவே ஆரம்பிக்கவில்லை, கூடத்தில் உருகிய மெழுகின் இனிப்பு வாசத்துக்கும் ஸ்பிரிட்டின் கார வாசத்துக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று, அழுகிய பாசியும் சேறும் கலந்து, ஈரத் துணியைப் போல் மெல்ல விரிந்துகொண்டிருந்தது.

எழுந்து போனாள்.

அட்டைப்பெட்டி. மூடியில் மாவின் கையெழுத்து: 'நான்தான்'. அட்டை நனைந்து ஊறியிருந்தது. காய்ந்த மாவு வியர்க்காது. இந்தக் கூடத்தில் அது எல்லோருக்கும் தெரியும். மூடியைத் திறந்தாள்.

மேல்வரிசை மட்டும் இருந்தது.

கீழ்வரிசை இருந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர்.

படியில் காலடி. துள்ளிவிட்டாள். பை நின்றிருந்தான். தோளில் பை இல்லாமல், மெலிந்து, தாடியோடு. மாவு போன மறுநாளே வேலையை விட்டவன்.

"எப்படி இருக்க, மெழுகு?"

"இருக்கேன். உக்காரு."

"வேணாம். குடு, போறேன். ஒரு போட்டோல கூட வாயத் திறந்து சிரிக்கலையாம் அவ. அவங்கம்மா அதையாவது பாக்கணும்ங்கறாங்க." பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "கீழ் செட்டு எங்க?"

"காணோம். இங்கதான் எங்கயோ இருக்கும்."

"அந்தக் கோணப் பல்லுதான அவளே." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. நகரவும் இல்லை. "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு ஏன் நீ போகல?"

"எங்க?"

"பாலத்துக்கு. முந்தின நாளே என்கிட்ட சொல்லிட்டா. 'உன்னப் புடிக்கும்டா, ஆனா அவள நெனச்சாத்தான் எனக்கு உள்ள என்னவோ பண்ணுது'ன்னு. நான் அழுதேன். அவதான் மூக்குத் துடைக்கத் துணி குடுத்தா. அப்புறம், 'அவ என் கையால குடுத்தா வாங்க மாட்டா, கோவமா இருக்கா, உன் பையில வைக்கறேன், நீ குடுத்துடு'ன்னா. ரெண்டு கடின்னா. கை கழுவிட்டு வந்து பாத்தா பையில இல்ல. சரி, நீயே பாத்து எடுத்துட்டன்னு நெனச்சேன்."

ஜன்னலில் முதல் துளிகள் விழுந்தன.

"ரெண்டு மாசமா கேக்கணும்னு இருந்தேன். பயமா இருந்துச்சு. நீ எடுத்துட்டு வேணும்னே போகாம இருந்திருந்தா, அதக் கேட்டு வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஆனா அவங்கம்மா ராத்திரில எழுந்து உக்காந்து, 'எதுக்குக் குதிச்சா, எதுக்குக் குதிச்சா'ங்கறாங்க. குதிக்கல, யாருக்கோ காத்திருந்தான்னு தெரிஞ்சாப் போதும் அவங்களுக்கு. சொல்லு மெழுகு. உனக்குக் கெடச்சுதா, இல்லயா?"

முதல்ல உன்கிட்டதான் சொல்வேன். சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். இவளை.

இப்போது ஒரு வார்த்தை போதும். எடுத்தேன். உருக்கினேன். உனக்குன்னு நெனச்சேன். மூன்றும் தொண்டைக்கு வந்தன. அவன் கண்ணைப் பார்த்தாள். மூன்றையும் விழுங்கினாள்.

"எனக்கு ஒண்ணுமே கெடைக்கல" என்றாள்.

சொல்லி முடித்து வாயை மூடியபோது, பல் பல்லோடு சேரவில்லை.

எங்கோ இடித்தது. நாக்கைக் கொண்டுபோய்த் தொட்டாள். சொரசொரப்பு. குளிர்ச்சி. சுண்ணாம்பு ருசி. முன்பக்கம் நாக்கு தடுக்கியது. ஒன்றின் மேல் ஒன்று.

இல்லை.

மறுபடி தொட்டாள்.

கால்மேல் கால்.

"எதுக்குச் சிரிக்கற?" என்றான் அவன்.

அவள் சிரிக்கவில்லை. வாயை மூடப் பார்த்தாள். தாடை கேட்கவில்லை. அது இறங்கியது. தானாக. டிரே வைக்க வாயைத் திறப்பதுபோல், அகலமாக. அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடி. முதுகு கதவில் முட்டியது.

"மாவு..." என்றான்.

கறுத்த கண்ணாடியில் அவள் முகம். மேலே அவள் பற்கள், மஞ்சளாய், உயிரோடு. கீழே வெள்ளை வெளேரென்று மற்றொருத்தியின் வரிசை, நனைந்து. அவள் கை, அவள் தூக்காமலே, எழுந்து வந்து உள்ளங்கையால் வாயைப் பொத்தியது, வெட்கப்பட்டுச் சிரிக்கிறவளைப் போல.

விரலிடுக்கில் வாய்க்கால் தண்ணீர் வழிந்தது.

டக்.

டக்.